ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன்

பள்ளி விடுமுறை நெருங்கினால், என் வானொலி நிகழ்ச்சிக்கு ஒரே மாதிரியான குறுஞ்செய்திகள் வரத் தொடங்கிவிடும். "மகளைப் பள்ளியிலிருந்து வியட்னாமுக்கு அழைத்துப் போகிறார்களாம். ஐந்து நாள். அனுப்பலாமா?" கேட்பவர்களில் பலர் தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே குடியேறிய பெற்றோர்.

இருபத்திரண்டு வயதில் ஒற்றைப் பெட்டியுடன் சாங்கியில் வந்து இறங்கியவர்கள், பதினான்கு வயது மகளை ஐந்து நாள் அனுப்பத் தயங்குகிறார்களே என்று சிலர் சிரிப்பதுண்டு. எனக்கு அந்தத் தயக்கம் புரிகிறது. இங்கே படித்து வளர்ந்த பெற்றோர் பலர், தாங்களே இப்படிப் போய் வந்தவர்கள். குடியேறியவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை. அவசரத்துக்கு ஓடிவர மாமா, சித்தப்பா என்று பக்கத்தில் யாரும் இல்லை. போதாததற்கு, "பொம்பளப் புள்ளைய எதுக்கு அனுப்புற?" என்று ஊரிலிருந்து பாட்டி வேறு தொலைபேசியில் கேட்பார்.

அச்சம் வெறும் கற்பனையும் அல்ல. 2015 ஜூன் 5ஆம் தேதி சபாவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்கள் கினபாலு மலையில் இருந்தார்கள். மாணவர்கள் 7 பேர், ஆசிரியர்கள் இருவர், சிங்கப்பூர் வழிகாட்டி ஒருவர் என 10 பேரை இழந்தோம். அதன்பின் இத்தகைய பயணங்களின் பாதுகாப்பு நடைமுறைகளைக் கல்வி அமைச்சு மறுஆய்வு செய்தது. அந்த நாளை யாரும் மறக்கவில்லை.

ஆனால், பயத்தால் மறுத்துவிடுவதும், 'பள்ளி பார்த்துக்கொள்ளும்' என்று படிக்காமலேயே கையெழுத்திடுவதும் ஒன்றுதான். இரண்டிலும் நாம் எதையும் தெரிந்துகொள்வதில்லை. பயத்தைக் கேள்விகளாக்குங்கள். பெற்றோருக்கான விளக்கக் கூட்டம் அதற்காகத்தான். 'கேட்டால் தவறாக நினைப்பார்களோ' என்று கூச்சப்பட வேண்டாம்.

எத்தனை பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர்? ஆசிரியை வருகிறாரா? இரவில் ஓர் அறையில் எத்தனை பேர், ஆசிரியர்கள் அதே மாடியில் தங்குகிறார்களா? படகுச் சவாரி, மலையேற்றம் உண்டா? மழை, புயல் வந்தால் மாற்றுத் திட்டம் என்ன? அருகில் எந்த மருத்துவமனை? காப்புறுதி எதற்கெல்லாம் பணம் தரும்? பிள்ளைக்கு ஆஸ்துமாவோ ஒவ்வாமையோ இருந்தால், பயணத்துக்குத் தடை வருமோ என்று மறைக்காதீர்கள். மருந்தை அதன் பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கொடுத்தனுப்புங்கள். சைவம் என்றால் மீன் சாஸும் கூடாது என்று விளக்கிச் சொல்லுங்கள்.

குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிங்கப்பூர்க் கடப்பிதழோடு விசா இல்லாமல் வியட்னாம் போகலாம். இந்தியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். நிரந்தரவாசியான பிள்ளை என்றால் மறுநுழைவு அனுமதி காலாவதியாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடப்பிதழ் தொலைந்தால், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தைத்தான் நாட வேண்டும். அதன் எண்ணையும் கடப்பிதழின் நகலையும் ஆசிரியரிடம் முன்கூட்டியே கொடுங்கள். சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால், வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவுசெய்யலாம்.

இத்தனையும் கேட்டபிறகு பதில் திருப்தியளிக்கவில்லை என்றால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். அது காரணத்தோடு எடுத்த முடிவு. பிள்ளையிடமும் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியும். "அப்பா வேண்டாம்னு சொல்லிட்டார்" என்று மட்டும் அவள் தோழிகளிடம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

பதில் திருப்தியளித்தால், மீதியிருப்பது பிள்ளையைத் தயார்படுத்துவது. மணிக்கொரு முறை வாட்ஸ்அப்பில் 'எங்கே இருக்கிறாய்?' என்று கேட்பது பாதுகாப்பு ஆகாது. "எனக்கு உடம்பு சரியில்லை", "இது எனக்குப் பயமாக இருக்கிறது", "அவர் என்னிடம் நடந்துகொண்டது பிடிக்கவில்லை" என்று ஆசிரியரிடம் வாய்திறந்து சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கமே பெரிய துணை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்க்கும் நம் வீடுகளில் இதைத் தனியாகத்தான் சொல்லித்தர வேண்டும். கைப்பேசி மின்னூட்டம் தீர்ந்துபோகலாம். அம்மாவின் எண்ணையும் அப்பாவின் எண்ணையும் மனப்பாடமாகச் சொல்லச் சொல்லுங்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? இன்றிரவு சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுப் பாருங்கள்.