சித்திரையில் விடைபெறும் விருந்தாளிகள்

தைப்பொங்கல் காலத்தில் லயத்துக் கானோரம் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்த மஞ்சள் வயிற்றுக் குருவியைச் சித்திரை கடந்தபின் காணவில்லையே, கவனித்தீர்களா? அது செத்துப் போகவில்லை. தான் பிறந்த ஊருக்குப் போயிருக்கிறது. வேறு பல குருவிகளும் இதே நாட்களில்தான் நம் மலைகளை விட்டுப் புறப்படுகின்றன.

ஆவணி, புரட்டாசி முதல் இலங்கைக்கு வரும் வலசைப் பறவைகள் சித்திரை முடிவதற்குள் பெரும்பாலும் திரும்பிவிடும். மலைநாட்டவருக்கு இதை நினைவில் வைப்பது எளிது. சிவனொளிபாத மலை யாத்திரை மார்கழியில் தொடங்கி வெசாக்குடன் முடிகிறது. அந்த யாத்திரைக் கூட்டம் குறையும்போது இந்தக் கூட்டமும் குறைந்துவிடும். நுவரெலியாவில் ஏப்ரல் வசந்த காலத்துக்கென்று சனங்கள் மலையேறி வரும் நாட்களில், குருவிகள் மலையிறங்கிக்கொண்டிருக்கும்.

யார் இந்த விருந்தாளிகள்?

சாம்பல் வாலாட்டி: கான், ஓடை, பீலிக்கரைகளில் தனியாகத் திரியும். முதுகு சாம்பல், வயிறு மஞ்சள். முதலில் வருகிறவர்களில் இதுவும் ஒன்று. இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டும்.

ஆறுமணிக்குருவி: முதுகு பச்சை, வாலடி சிவப்பு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, கட்டை வால். காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா என்பர். இது தீவெங்கும் வருவதால், வன்னிப் பக்கம் வயல் செய்தவர்களுக்கும் பழக்கமான குரல்தான். வட, மத்திய இந்தியாவில் குஞ்சு பொரிக்கும்.

காஷ்மீர் ஈப்பிடிப்பான்: சிட்டுக்குருவியிலும் சிறியது. ஆணின் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள். காஷ்மீரையும் அதை அண்டிய மலைகளையும் தவிர வேறெங்கும் இது கூடு கட்டுவதில்லை. குளிர் காலத்தைக் கழிப்பது இலங்கையின் மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் மாத்திரம். நுவரெலியா விக்டோரியா பூங்காவில் இதைப் பார்க்கவென்றே வெளிநாட்டார் வருகிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் பூங்குருவி: இமயத்துக் காடுகளிலிருந்து வந்து, நம் மலைகளின் புதர் நிழலில் சருகைக் கிளறி இரை தேடும்.

மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி, நீல ஈப்பிடிப்பான் போன்றவை வருடம் முழுவதும் இங்கேயே வாழ்பவை. இவை இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. வைகாசியிலும் கண்ணில் படுகின்றன என்றால் அது இயல்பே.

ஏன் போகின்றன?

இங்கு இரைக்குப் பஞ்சமில்லையே, இங்கேயே இருந்தால் என்ன என்று கேட்கலாம். வடக்கே கோடையில் பகல் நீண்டது. பூச்சி புழுக்கள் பெருகும். நாலைந்து குஞ்சுகளுக்கு நாள் முழுவதும் இரையூட்ட அதுவே வசதி. குளிர் வந்து பூச்சி மறைந்ததும் மீண்டும் தெற்கே வரும்.

போகும் காலம் எப்படித் தெரிகிறது? நம் நாட்டில் பகலின் நீளம் வருடத்தில் அதிகம் மாறுவதில்லை. ஆனாலும் பறவையின் உடலுக்குள்ளேயே ஆண்டுக் கணக்கு ஒன்று ஓடுகிறது. புறப்படும் முன் அது வழக்கத்தைவிட அதிகம் தின்று, தோலுக்கடியில் கொழுப்பைச் சேமிக்கும். அதுவே வழிச்சாப்பாடு. சிறு குருவிகளில் பல இரவில் பறப்பவை. சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு திசை அறிகின்றன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் சுமார் 30 கிலோமீற்றர்தான். அதற்கப்பால் இந்தியாவின் நீளம் முழுவதும் கிடக்கிறது.

நமக்கு இதில் என்ன?

சொந்தக் காணியை விட்டு வந்து, கிடைத்த துண்டு நிலத்தில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் போடுகிற குடும்பங்களுக்கு ஒவ்வொரு அடி மண்ணும் பெரிது. ஓடைக்கரைப் புதரையும் வெட்டி இன்னொரு பாத்தி போட மனம் வரும். ஆனால் அந்தப் புதரின் வேர்தான் கரை மண்ணைப் பிடித்து நிற்கிறது. அடைமழையில் கரை சரிந்தால் புதுப் பாத்தியோடு பழைய பாத்தியும் போகும். அதே புதர்தான் பூங்குருவிக்கும் ஆறுமணிக்குருவிக்கும் தங்குமடம். வலசைப் பறவைகள் பல, போன வருடம் தங்கிய அதே இடத்தைத் தேடி வருபவை. இடம் இல்லாமற் போனால் அவற்றின் கதி என்ன என்பதை உங்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இக்குருவிகளின் இரை பெரும்பாலும் பூச்சி, புழு. தோட்டத்துப் பூச்சிகள் அனைத்தையும் அவையே ஒழித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கூலி கேட்காமல் ஒரு பங்கு வேலையைச் செய்கின்றன. பங்குனி, சித்திரையில் கண்டபடி மருந்து அடித்தால், வழிச்சாப்பாடு சேர்க்கும் நேரத்தில் அவற்றின் இரை அழியும். நம் பீலித் தண்ணீரும் கெடும்.

செய்யக்கூடியவை

1. ஓடைக்கரையில் சில அடி அகலத்துக்குப் புதரை வெட்டாது விடுங்கள்.

2. பூச்சியைக் கண்டபின், தேவையான இடத்துக்கு மாத்திரம், சொன்ன அளவில் மருந்து அடியுங்கள். மருந்துக் கலனை ஓடையில் கழுவாதீர்கள்.

3. பிள்ளைகள் கவணால் குருவி அடிப்பதைத் தடுங்கள். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பெரும்பாலான பறவைகளைக் கொல்வது குற்றம்.

4. ஐப்பசி, கார்த்திகையில் களைத்துப்போன ஆறுமணிக்குருவி சில வேளை வீட்டுக்குள் வந்து விழும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவேண்டாம். தேறியதும் புதரருகே விடுங்கள்.

5. கடைசியாக எந்தக் குருவியை எந்த நாளில் கண்டீர்கள் என்று சுவர்க் கலண்டரில் பிள்ளைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். ஆவணியில் முதல் வாலாட்டி வந்த நாளையும் குறியுங்கள். மூன்று, நான்கு வருடம் சேர்ந்தால், உங்கள் மலையில் குருவிகள் குறைகின்றனவா, முந்தி வருகின்றனவா, பிந்தி வருகின்றனவா என்பதை நீங்களே சொல்லலாம். அதற்குக் காசும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.