இலையில் புள்ளியா? மருந்தடிக்கும் முன் காற்றையும் கவனியுங்கள்

பட்டாபிராமிலிருந்து மேற்கே திருவள்ளூர் வரை, வீட்டு மனைகளுக்கு நடுவே எஞ்சியுள்ள வயல்களில் நெல்லும் வேர்க்கடலையும் கீரையும் பயிராகின்றன. அடி இலைகளில் பொடிப் புள்ளிகள் தென்பட்டதும் மருந்துக் கடைக்கு ஓடுவது விவசாயிகளின் வழக்கம். ஆனால் பூச்சியோ பூசணமோ இல்லாமல், காற்றிலுள்ள ஓசோன் வாயுவாலும் இத்தகைய புள்ளிகள் வரக்கூடும். அப்போது மருந்துக்குச் செலவழித்த பணம் வீண்தான்.

காப்பதும் கெடுப்பதும்

வானில் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஓசோன், புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. அதே வாயு தரையை ஒட்டி இருந்தால் பயிருக்குப் பகை. வண்டிகள், ஆலைகள், எரியும் குப்பை ஆகியவற்றின் புகையும் பெட்ரோல் போன்றவற்றின் ஆவியும் வெயிலில் வினைபுரிவதால் இது உண்டாகிறது. எனவே பிற்பகலில் இதன் அளவு கூடும். கோடையில் சென்னைக் கடற்காற்று மேற்கு நோக்கி வீசும்போது, நகரத்துப் புகையும் இந்த வயல்களை நோக்கி வர இடமுண்டு.

கடல் சூட்டின் பங்கு

ஓசோன் கூடுவதும் குறைவதும் புகையை மட்டும் பொறுத்ததன்று. பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாவது எல் நினோ. குளிர்வது லா நினா. 1997-ல் எல் நினோவால் இந்தோனேசியாவில் மழை பொய்த்துக் காடுகள் பற்றி எரிந்தன. அந்தப் புகையாலும் காற்றோட்ட மாற்றத்தாலும் இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை கீழ்வானில் ஓசோன் கூடியதைச் செயற்கைக்கோள்கள் காட்டின.

தமிழகத்தில் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், வடகிழக்குப் பருவமழை கூடுவதும் பெரும்பாலும் காணப்படுகிறது. 2015 டிசம்பர் வெள்ளம் எல் நினோ ஆண்டில் வந்தது. அடுத்த 2016-ல் லா நினா தலைகாட்டியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. எல்லா ஆண்டும் இப்படியே நடக்கும் என்பதில்லை. ஆனால் மேகமற்ற வானமும் அசையாத காற்றும் நீடித்தால் ஓசோன் உண்டாக வாய்ப்பு அதிகம்.

அடையாளம் காண்பது எப்படி?

ஓசோன் இலைத் துளைகள் வழியே புகுந்து பச்சையத்தைக் கெடுக்கிறது. இலை சீக்கிரம் முதிர்ந்து, மணியின் எடை குறைகிறது. முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில், நரம்புகளுக்கு இடையே சிறு புள்ளிகள் தோன்றும். நெல்லில் இது துத்தநாகச் சத்துக் குறைவைப் போலவும், செம்புள்ளி நோயைப் போலவும் தோன்றி ஏமாற்றும்.

செய்ய வேண்டியவை

* புள்ளி கண்டதும் இலையைத் திருப்பிப் பூச்சியோ பூசணமோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.
* ஐயமிருந்தால் செடியை வேரோடு எடுத்துக்கொண்டு திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்திலோ காட்டிய பிறகே மருந்து வாங்க வேண்டும்.
* வைக்கோலையும் சருகையும் எரிக்காமல் மாட்டுக்கும் எருக்குழிக்கும் பயன்படுத்த வேண்டும்.
* வானிலைத் துறையின் பருவ முன்னறிவிப்பைக் கேட்டு, மழை குறையும் ஆண்டில் குறுகிய வயது ரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடலின் சூட்டை யாராலும் மாற்ற இயலாது. இலையை நன்கு பார்த்தறிந்து வீண் செலவைத் தவிர்ப்பது ஒவ்வொரு விவசாயியின் கையிலும் உள்ளது.