நிலவைக் கடித்த நெருப்பு நாய்!

குழந்தைகளே, வட்டமான பிஸ்கட் ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒரு கடி கடியுங்கள். உடனே மீதியையும் வாயில் போட்டுவிடாதீர்கள்! கடிவாயைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உங்கள் பற்களின் தடம் மேடும் பள்ளமுமாகத் தெரிகிறது அல்லவா? இப்போது சாப்பிடலாம். ஆனால், அந்தக் கடிவாய் எப்படி இருந்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

கிரகணம் தொடங்கும்போது சூரியனும் நிலவும் கடித்த பிஸ்கட் போலத்தான் தெரியும். அதனால், ஒருவரை ஒருவர் பார்த்தே இராத பல நாட்டு மக்கள், முன்னாளில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். "ஏதோ ஒரு பிராணி கடிக்கிறது!" எந்தப் பிராணி என்பதில்தான் ஊருக்கு ஊர் வேறுபாடு.

கொரியா நாட்டுக் கதையைக் கேளுங்கள். வானத்தில் ஓர் இருட்டு நாடு இருந்ததாம். அந்நாட்டு அரசனுக்கு வெளிச்சத்தின் மேல் ஆசை. அவனிடம் நெருப்பு நாய்கள் இருந்தன. அவற்றில் மிக வலிமையான ஒன்றை அழைத்து, "போய் அந்தச் சூரியனைக் கவ்விக்கொண்டு வா!" என்று அனுப்பினான். நாயும் பாய்ந்து கவ்வியது. சூடு தாங்க முடியவில்லை. "வள்" என்று துப்பிவிட்டது. மறுபடி கவ்வியது; மறுபடி துப்பியது. வெறும் வாயோடு திரும்பி வந்தது.

"சரி, நிலவையாவது கொண்டு வா" என்றான் அரசன். நிலவோ பனிக்கட்டி! பல் கூசியது. அதையும் துப்பிவிட்டது. அரசன் விடுவதாக இல்லை. இன்னமும் நாய்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறானாம். அவை கவ்வும்போதெல்லாம் கிரகணம்.

எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஏன் தெரியுமா? சூரியன் மறைவதற்குக் காரணம் சொல்வது எளிது. மறைந்தது ஏன் திரும்பி வருகிறது என்றும் சொல்ல வேண்டுமே! கொரியக் கதை இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

நம் நாட்டு ராகு கதையும் அப்படித்தான். அமுதம் குடித்த அசுரனின் தலையைத் திருமால் வெட்டினார். தன்னைக் காட்டிக் கொடுத்த சூரியனையும் சந்திரனையும் அந்தத் தலை விழுங்குகிறது. ஆனால், கழுத்துக்குக் கீழே உடம்பு இல்லையே! விழுங்கியது வெளியே வந்துவிடுகிறது. தமிழில் ராகுவைப் பாம்பு என்பார்கள். நிலவைப் பாம்பு பிடித்த செய்தி ஊரெல்லாம் பரவுவதைத் திருவள்ளுவரும் 1146-ஆம் குறளில் உவமையாகச் சொல்லியிருக்கிறார்.

சீனர்களோ, வானத்து நாய் பயந்து ஓடட்டும் என்று முரசு கொட்டினார்கள். தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் பட்ட பாடுதான் பெரும்பாடு! நிலவை ஜாகுவார் தாக்குகிறது என்று நம்பினார்கள். முழுச் சந்திர கிரகணத்தில் நிலவு சிவந்துவிடும் அல்லவா? அதை ரத்தம் என்று நினைத்தார்கள். நிலவைத் தின்று முடித்தால் அடுத்து பூமிக்கு வந்து நம்மைத் தின்னுமே! ஈட்டிகளை ஆட்டிக் கூச்சலிட்டார்கள். நாய்களை அடித்து ஊளையிட வைத்தார்கள். பாவம் நாய்கள்!

சத்தம் போட்டதும் ஒவ்வொரு முறையும் நிலவு திரும்பி வந்தது. சும்மா இருந்தாலும் வந்திருக்கும்தான். ஆனால், ஒருமுறை சும்மா இருந்து பார்த்தால்தானே அது தெரியும்? ஜாகுவார் வந்துவிடும் என்று நடுங்குபவர்களில் யாருக்கு அந்தத் துணிச்சல் வரும்?

இப்போது பிஸ்கட்டுக்கு வருவோம். கிரகண நிலவின் கடிவாயில் பல் தடமே இருக்காது. வளையலை வைத்துக் கோடு போட்டதுபோல வழவழவென்று வளைந்திருக்கும். ஏனென்றால் அது நம் பூமியின் நிழல். அந்த வளைவைப் பார்த்துத்தான், பூமி உருண்டை என்பதற்கு அதை ஒரு சான்றாகச் சொன்னார் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே!

சூரிய கிரகணத்தில் கடிப்பது வேறு வாய். அது நிலவு. பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே வந்து மறைக்கிறது. நிலவைவிடச் சூரியன் சுமார் 400 மடங்கு பெரியது. சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. எனவே இரண்டும் நம் கண்ணுக்கு ஏறத்தாழ ஒரே அளவு. பூமியின் நிழலோ, நிலவு இருக்கும் இடத்தில் நிலவைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அகலம். ஆக, சூரியனைக் கடிப்பது சின்ன வாய். நிலவைக் கடிப்பது பெரிய வாய். வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் மக்கள் சூரியனைத் துரத்த ஓர் ஓநாய், நிலவைத் துரத்த இன்னொன்று என்று இரண்டு வைத்திருந்தார்கள். அவர்கள் கணக்காவது சரி!

நாய்க்கோ பாம்புக்கோ நாள் கிழமை ஏது? ஆனால் சூரிய கிரகணம் அமாவாசையன்றுதான் வரும். சந்திர கிரகணம் பௌர்ணமியன்றுதான். நிலவின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் மாதந்தோறும் வருவதில்லை. நிலவு சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலவை மறைக்கிறது என்று 499-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார் நம் ஆரியபட்டர். அப்போது அவருக்கு வயது 23.

இன்காக்கள் பயந்த அந்தச் சிவப்பு எது தெரியுமா? பூமியைச் சுற்றியுள்ள காற்றின் வழியே வளைந்து செல்லும் சூரிய ஒளி. மாலை வானத்தின் அதே சிவப்பு!

அடுத்த சந்திர கிரகணத்தின்போது மொட்டை மாடிக்குப் போய்க் கடிவாயைப் பாருங்கள். வெறும் கண்ணால் பார்க்கலாம், ஆபத்து இல்லை. சூரியனை மட்டும் அப்படிப் பார்க்கவே கூடாது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்துபோனாலும் அப்போது உங்களுக்குத் தெரியாது. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி மதுரை, தேனி, காரைக்குடிப் பகுதிகளில் சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம் வருகிறது. அன்று மேலே பார்க்காமல் ஒரு வேப்பமரத்தடிக்குப் போய்க் குனிந்து பாருங்கள். இலை இடுக்குகளின் வழியே விழும் ஒளிப் பொட்டுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கடிவாய் இருக்கும். தரையெல்லாம் கடிபட்ட குட்டிக் குட்டிச் சூரியன்கள்!