சம்மத வயதும் மேன்முறையீடும்

“அப்பெண் மனமுவந்தே உடன் வந்தாள், அங்ஙனமாக இது குற்றமாவது எங்ஙனம்?” என வினவுவோர் நம் நாட்டில் பலர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும், அதனைச் சூழ்ந்த திருவள்ளூர் ஜில்லாவின் ஊர்களிலும், பெற்றோரைப் பிரிந்து வேலை நாடி வந்து வாழும் இளைஞர் அநேகர். அவர்கள் இவ்வினாவின் விடையை அறிந்திருத்தல் அவசியமாதலின், அதனை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுந்தோம்.

சட்டம் வகுத்த வயதை எய்தாதவருடைய சம்மதம், சட்டத்தின் கண்ணிற் சம்மதமே ஆகாது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அவ்வயதை 10 என வைத்தது. 1890இல் கல்கத்தாவில், 10 வயது கடந்த சிறுமியொருத்தி கணவன் செய்கையால் உயிர் துறந்தாள். அவள் வரம்பைக் கடந்தவளாதலின், வன்புணர்ச்சிக் குற்றத்திற்கு இடமில்லாது போயிற்று. அவன் பெற்றது 1 ஆண்டுச் சிறையே. மறு ஆண்டில் வயது 12 ஆக உயர்ந்தது. 1925இல் 14 ஆகவும், 1949இல் 16 ஆகவும் உயர்ந்தது. மனைவியர் திறத்து மட்டும் வரம்பு சற்றுக் குறைவாக இருந்தது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், ஆணாயினும் பெண்ணாயினும் 18 நிரம்பாதார் யாவரும் குழந்தைகளே என வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைபெறும் புதிய தண்டனைச் சட்டமும் பெண்ணின் சம்மத வயதை 18 என்றே கொண்டுளது.

திருவள்ளூர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் சென்னை ஹைகோர்ட்டிலும், பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் முறையிடலாம். ஆங்கு ஆராயப்படுவன யாவை? வயது ருஜுவாயிற்றா என்பதும், செய்கை ருஜுவாயிற்றா என்பதுமே முதன்மையானவை. வயதிற்குப் பள்ளிச் சான்றிதழும், அஃதின்றேல் நகராட்சி அல்லது பஞ்சாயத்தின் பிறப்புச் சான்றிதழும் ஆதாரமாம்; இரண்டும் இல்லாவிடத்தே வைத்தியப் பரிசோதனை.

2019இல், நாமக்கல் மகளிர் நீதிமன்றம் தண்டித்த ஒருவரைச் சென்னை ஹைகோர்ட்டு, குற்றம் ஐயமற ருஜுவாகவில்லையென விடுவித்தது. நீதிபதி பார்த்திபன் அத்தீர்ப்பில், வரம்பை 16 ஆக்குதலை ஆலோசிக்கலாம் என்றார். ஆயினும் ஆலோசனை சட்டமாகாது. 2023இல் சட்டக் கமிஷனும் வரம்பைக் குறைத்தல் தகாதெனக் கூறிற்று.

அதே ஆண்டில் கல்கத்தா ஹைகோர்ட்டு, காதல் வழிப்பட்ட உறவென ஓர் இளைஞரை விடுவித்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அவ்விடுதலையை நீக்கி, அவர் குற்றவாளியே எனத் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத்தில், அப்பெண் வழக்கினாற் பட்ட துன்பங்களைக் கருதி, தனக்குரிய விசேஷ அதிகாரத்தால் அவர் சிறை செல்ல வேண்டுவதில்லை என்றது. குற்றம் வேறு, தண்டனை வேறு என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, மேன்முறையீடு சாட்சியத்தை நிறுக்குமேயன்றி வயதை மாற்றாது. மாற்றும் அதிகாரம் பார்லிமெண்டிற்கே உரியது. இவ்வகைக் குற்றங்களுட் கொடியவற்றிற்கு 10 ஆண்டிற்குக் குறையாத சிறை விதிக்கப்படும். முடிவில் விடுதலை கிட்டினும், சிறையிற் கழிந்த ஆண்டுகள் மீளா. ஊரார் முன் விசாரணைக்குள்ளான பெண்ணின் துயரும் தீர்ப்பொன்றினால் நீங்காது. இளைஞர் இதனை முன்னரே அறிந்து ஒழுகுவாராக. பெற்றோரும் ஆசிரியரும் நாணி மறைக்காது அவர்கட்கு எடுத்துரைப்பாராக.