பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்

ஒரகடத்துக் கார்கள் லாரியேறி எண்ணூர்த் துறைமுகம் செல்வதை நாம் காண்கிறோம். முன்னாளில் அவ்வூருக்குச் சரக்கு நீர்வழியே சென்றது. 1806-இல் சென்னையையும் எண்ணூரையும் இணைக்கத் தொடங்கிய கால்வாய், பின்னர்ப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம்வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டது. உப்பும் விறகும் ஏற்றிய தோணிகளைத் தோணிக்காரர் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தனர். பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களுடன் தோணியேறிச் சென்றதே ‘மாவலிபுரச் செலவு’ ஆயிற்று.

அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877–78-இல், தாது வருடப் பஞ்சத்தில், கூலிக்கு வந்த ஏழைகளால் வெட்டப்பட்டதாகும். கால்வாய்க்கு வாய்த்ததோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர்! மண் சுமந்தோர் பெயரை யாரறிவார்? அவர்கள் வெட்டிய தடத்தில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன; கீழே ஓடுவது கழிவுநீர்.