உங்களுக்குத் தெரியுமா? அலை எழுப்பாத ரேடியோக்கள்

1895-ஆம் ஆண்டில் ஜகதீச சந்திர போஸ், கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவர்களினூடே செலுத்தித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டிய கல்கத்தா நகருக்குக் கிழக்கே, கணினி நிறுவனங்கள் நிறைந்து விளங்கும் நியூ டவுனில், வீடுதோறும் ஒரு வைஃபை பெட்டி ஓயாது ஒலிபரப்பிக்கொண்டிருக்கையில், புதிய வைஃபை மென்பொருளை மெய்யான ரேடியோவைக் கொண்டு பரீட்சிக்க முற்படுபவர், தோல்வி நேர்ந்தால் அது நிரலின் தோஷமா, அண்டை வீட்டு அலையின் உபத்திரவமா என்று நிர்ணயிக்க மாட்டாமல் திண்டாட வேண்டியதுதான்.

இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரமாக, 2008 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலில் ‘மேக்80211_எச்டபிள்யூசிம்’ என்றொரு பகுதி (பெயர் நாவில் எளிதில் புரளாது என்பது வாஸ்தவம்) இடம்பெற்றிருக்கிறது. அதை இயக்கிய மாத்திரத்தில், வேறு எண்ணிக்கை கேட்டாலொழிய, 2 மாய ரேடியோக்கள் கணினியின் நினைவகத்திலேயே ஜனிக்கின்றன. ஒன்று ‘ஹோஸ்ட்ஏபிடி’ என்னும் நிரலின் துணையால் வைஃபை நிலையமாகவும், மற்றது ‘டபிள்யூபிஏ சப்ளிகன்ட்’ என்னும் நிரலின் துணையால் அதனோடு இணையும் கருவியாகவும் வேஷம் தரிக்க, ஒன்று அனுப்பும் தரவு அதே சானலிலுள்ள மற்றவற்றுக்கு வெறும் பிரதியாகவே சென்று சேர்கிறது. ஆன்டெனா இல்லை, அலையும் இல்லை. இந்த ரேடியோக்களின் மேல் இயங்கும் மென்பொருளோ இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் அறிவதில்லை.

தூரத்தால் அலை தேய்வதும் இரைச்சலும் இந்த மாய உலகில் இயல்பாக இல்லையாதலால், மெய்யான கருவியின் சோதனை அவசியமற்றதாகிவிடவில்லை. ஆயினும், கடவுச்சொல் சரிபார்ப்பு முதலிய சோதனைகள் மனிதர் கைபடாமலே வரிசையாக நடந்தேறுவதோடு, மெய்நிகர் கணினியின் கடிகாரத்தையே முன்னே நகர்த்திக் காத்திருக்கும் வினாடிகளைத் தாண்டிச் செல்லும் வசதியும் உண்டு.