ஐந்தில் நான்கு அடுப்படியில் உண்டு!

சித்திரபுரம்:
அடிமாலியிலிருந்து மூணாறு செல்லும் பஸ்ஸில் இரண்டாம் மைலில் இறங்குகிறவர்கள் இப்போது பெரும்பாலும் உல்லாசப் பயணிகள். முன்பெல்லாம் மின்வாரிய ஊழியர்களும், தேயிலை, ஏலத் தோட்டத் தொழிலாளர்களுமே இங்கு இறங்குவார்கள். 1940-ல் இயங்கத் தொடங்கிய பள்ளிவாசல் மின்நிலையம்தான் கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம். அந்த மின்நிலையத்தோடு வளர்ந்த சித்திரபுரத்தில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் தங்கும் விடுதிகள்.

அவற்றுக்கு நடுவே இரண்டே அறைகளை வாடகைக்கு விடும் சிறிய ஓட்டு வீடு ஒன்று உண்டு. வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய அம்மாள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது எஸ்டேட் விதி. கிராஜுவிட்டிப் பணம், திருப்பூரில் வேலை செய்யும் மகன் அனுப்பியது, நகைக் கடன் எல்லாம் சேர்ந்து எழுந்த வீடு இது. கடன் இன்னும் பாக்கி.

மாலை ஆறு மணிக்கு இந்த வீட்டில் தங்குகிறவர்களுக்கு உயரமான கண்ணாடித் தம்ளரில் ஒரு பானம் வருகிறது. தேன் நிறம். மேலே ஒரு புதினா இலை. முதல் வாயில் எலுமிச்சை, அடுத்து ஏலக்காய் மணம், விழுங்கிய பிறகு தொண்டையில் இஞ்சியும் மிளகும். கட்டஞ்சாயாவின் இலேசான துவர்ப்பு கடைசியில் நாக்கில் தங்குகிறது. பெருநகரத்து நட்சத்திர ஹோட்டலில் இதற்கு ஒரு பெயர் வைத்து, சீமைச் சரக்கு கொஞ்சம் ஊற்றினால் ஆயிரம் ரூபாயைத் தொடும்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் சொல்லியே விட்டார்:

"அக்கா, இதுல ரெண்டு பெக் ஜின் ஊத்துனா பிரமாதமா இருக்கும்!"

"இருக்கும் தம்பி. அதனாலதான் ஊத்தல" என்றார் அம்மாள்.

பஞ்ச் என்றால் என்ன?

அந்த இளைஞர் சொன்னது தவறல்ல. ஏலக்காய், இஞ்சி, மிளகு, எலுமிச்சை, தேயிலை, கறிவேப்பிலை, புளி என்று கிழக்கு நாட்டுச் சரக்குகளைச் சேர்த்து வீட்டிலேயே காக்டெயில் கலப்பது இப்போது உலகெங்கும் நாகரிகம். புதுமை என்று சொல்லிக் கொள்கிறார்கள். ஆனால் இந்தச் சேர்க்கை நாலு நூற்றாண்டுப் பழசு. அது தொடங்கியதும் நம் நாட்டுக் கடற்கரையில்தான்.

வெள்ளைக்காரர்கள் வியாபாரத்துக்கு வந்தபோது கொண்டு வந்த ஒயினும் பீரும் நீண்ட கப்பல் பயணத்தில் கெட்டுப் போயின. கைக்குக் கிடைத்தது உள்ளூர்ச் சாராயம். அதை அப்படியே குடிக்க முடியாமல் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், வாசனைச் சரக்கு ஆகியவற்றைக் கலந்தார்கள். ஆக மொத்தம் ஐந்து பொருள். அதற்கு 'பஞ்ச்' என்று பெயர். 1632-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆள் ஒருவர் ஆந்திரக் கடற்கரையில் பேட்டபோலியில் இருந்த சக ஊழியருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. 1638-ல் சூரத்துக்கு வந்த மண்டெல்ஸ்லோ என்ற ஜெர்மானியப் பயணியும், அங்கிருந்த ஆங்கிலேயர் சாராயத்தோடு பன்னீரும் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் குடித்ததை எழுதி வைத்திருக்கிறார்.

ஐந்து என்னும் பொருள் தரும் 'பாஞ்ச்' என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகப் பரவலாகச் சொல்கிறார்கள். பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று வாதாடும் அகராதிக்காரர்களும் உண்டு. பெயர் எங்கிருந்து வந்தாலும் சரக்கு இங்கிருந்து போனது என்பதில் வழக்கு இல்லை. 'காக்டெயில்' என்றால் மது, சர்க்கரை, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவை என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்று விளக்கம் எழுதியது 1806-ல்தான். பஞ்ச் அதற்கு 170 ஆண்டு மூத்தது.

இந்த ஐந்தையும் ஒரு தமிழ்த் தாய் கேட்டால் என்ன சொல்வாள்? வெல்லம், எலுமிச்சை, தண்ணீர், சுக்கும் ஏலக்காயும் - இது ஸ்ரீராமநவமிப் பானகம் அல்லவா என்பாள். பானகத்தில் இல்லாதது சாராயம் ஒன்றுதான். ஐந்தில் நான்கு ஏற்கெனவே நம் அடுப்படியில் இருந்தன.

கொய்னாவும் கறிவேப்பிலையும்

ஜின்னும் டானிக்கும் கதையும் இந்த மலைகளைத் தொடாமல் போகவில்லை. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா, சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. தென் அமெரிக்க மரமான அதை 1860-களில் நீலகிரியில் பயிரிட்டார்கள். மூணாறு மலையிலும் ஆரம்ப காலத்துத் தோட்டக்காரர்கள் காப்பி, சிங்கோனா என்று போட்டுப் பார்த்து, கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். கொய்னாவின் கசப்பை மறைக்கச் சர்க்கரையும் சோடாவும் சேர்ந்து டானிக் தண்ணீர் ஆயிற்று. டானிக்கோடு ஜின் சேர்ந்தது. காய்ச்சலுக்கு மருந்து என்று ஆரம்பித்து, காய்ச்சல் போன பிறகும் தொடர்ந்த பழக்கம் அது!

இலங்கையில் நடந்தது இன்னும் சுவையானது. இரண்டாவது உலகப் போரின்போது ஜின்னுக்கு வேண்டிய வெளிநாட்டுச் சரக்குகள் கப்பலில் வந்து சேருவது கடினமாயிற்று. ராக்லண்ட் என்ற கொழும்பு நிறுவனத்தின் கார்ல் டி சில்வா விஜேரத்ன உள்ளூரில் கிடைத்த கறுவாப்பட்டை, இஞ்சி, கொத்துமல்லி, கறிவேப்பிலையைக் கொண்டு ஜின் வடித்தார். தாளிப்புக்குப் போட்டு, பிறகு தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் கறிவேப்பிலைக்கு வந்த வாழ்வைப் பாருங்கள். அதே முறை 'கொழும்பு நம்பர் 7' என்ற பெயரில் இன்றும் வெளிநாடுகளுக்குப் போகிறது. சிங்கப்பூரின் புகழ் பெற்ற 'சிங்கப்பூர் ஸ்லிங்' கலவையை உண்டாக்கியதாகச் சொல்லப்படுபவரும் ராபிள்ஸ் ஹோட்டலில் மது ஊற்றிக் கொடுத்த நியாம் டோங் பூன் என்ற சீனர்தான்.

கலக்கிக் குலுக்கும் வித்தைக்கும் வெளிநாட்டுப் பள்ளிக்கூடம் தேவையில்லை. கோழிக்கோடு, கொச்சித் தெருக்களில் குலுக்கி சர்பத் விற்பவரைக் கவனித்தால் போதும். எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, இஞ்சி, கீறிய பச்சை மிளகாய், ஊறிய சப்ஜா விதை, ஐஸ் எல்லாவற்றையும் தம்ளரில் போட்டு, இன்னொரு தம்ளரைக் கவிழ்த்து, தலைக்கு மேலே குலுக்குகிறார். வெள்ளைச் சட்டைக்காரர் வெள்ளிக் குவளையில் செய்வதும் இதே வேலைதான். குலுக்கும்போது ஐஸ் சிறிது கரைந்து பானம் குளிர்கிறது. புளிப்பும் இனிப்பும் ஒன்றோடு ஒன்று கலந்து மேலே நுரை கட்டுகிறது.

செய்யும் விதம்

சித்திரபுரத்து அம்மாளின் பக்குவம் வருமாறு. கால் கிலோ வெல்லத்தைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி அடுப்பில் ஏற்றுகிறார். தோல் சீவி நசுக்கிய இஞ்சி 50 கிராம், தோலோடு தட்டிய ஏலக்காய் 6, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு 10. சிறு தீயில் ஐந்து நிமிடம். இறக்கியதும் இறுக மூடி அரை மணி நேரம் வைக்கிறார். மூடாவிட்டால் ஏலக்காய் வாசம் ஆவியோடு போய்விடும். "தெருவுக்கு மணக்கும், கிளாஸுல மணக்காது" என்பது அவர் பேச்சு. வடிகட்டிய பாகு குளிர்பெட்டியில் பத்து நாள் தாங்கும்.

தேயிலையில்தான் பலர் தவறு செய்கிறார்கள். இரண்டு சிறு கரண்டித் தேயிலையைத் தளதளவென்று கொதித்த தண்ணீரில் போட்டு நாலே நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு ஏறும். ஆறும்போது கலங்கியும் போகும். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்தும் காபினும் குளிரில் ஒன்று சேர்வதால் வரும் கலங்கல் அது. இதில் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் பார்க்க நன்றாயிராது. முப்பது ஆண்டு கொழுந்து பறித்தும் நல்ல தேயிலையைத் தம்முடைய அடுப்பில் வைத்துப் பார்த்தது ஓய்வுக்குப் பிறகுதான் என்று அம்மாள் சிரித்துக் கொண்டே சொல்கிறார். லயத்தில் வாங்கிக் குடித்ததெல்லாம் தூள்.

அரைத் தம்ளர் ஆறிய தேநீர், இரண்டு பெரிய கரண்டிப் பாகு, அரை எலுமிச்சம்பழச் சாறு. எலுமிச்சையை அடுப்புப் பக்கம் காட்டவே கூடாது, சூட்டில் அதன் புத்தம் புது வாசம் கெட்டுவிடும். சாறு விழுந்ததும் கருஞ்சிவப்புத் தேநீர் தேன் நிறத்துக்கு வெளுக்கிறது. ஐஸ் போட்டு, மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில் இருபது எண்ணும் வரை குலுக்கி ஊற்றுகிறார். மழைக்காலத்தில் ஐஸ் இல்லாமல் சுடச்சுட.

சீசனுக்குச் சீசன் மாற்றமும் உண்டு. நெல்லிக்காய் வந்தால் எலுமிச்சை குறையும். மூணாறு கடைகளில் கிடைக்கும் பேஷன் பழம், மரத்தக்காளி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். இவை இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. 'ஆசியச் சுவை' என்று எழுதி விற்பவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நன்னாரிப் பாகு சேர்த்த கலவைதான் இதுவரை எல்லாவற்றிலும் உயர்ந்தது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு அதில் வெனிலா வாசம் அடிக்கிறதாம்.

ஐந்தாவது பொருள்

அந்த ஐந்தாவது பொருள் மட்டும் இந்த வீட்டில் நுழைவதில்லை. அம்மாளின் தகப்பனார் எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். சம்பள நாளன்று சாராயக் கடை வாசலில் தாயார் காத்து நின்ற காலம் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1996 ஏப்ரல் முதல் தேதி கேரளத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. கடை போயிற்று, குடி போகவில்லை. அண்ணன் திருட்டு வாற்றுக்குப் போனார். நாற்பத்திரண்டு வயதில் ஈரல் கெட்டுக் கோட்டயம் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

1982 ஓணத்தின்போது வைப்பினில் விஷச் சாராயம் குடித்து 77 பேர் மாண்டார்கள். பலருக்குக் கண் போயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். இரண்டிலும் எமன் மெத்தனால்தான். நிறத்திலும் மணத்திலும் நல்ல மதுவுக்கும் அதற்கும் சாதாரணமாக வித்தியாசம் தெரியாது. எந்த ஏலக்காயும் எலுமிச்சையும் அதை முறிக்காது. 'வீட்டுக் கலவை' என்றதும் வீட்டிலேயே வடிக்கலாம் என்று நினைக்கும் புத்திசாலிகள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சட்டமும் கண்டிப்பானது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதும் விற்பதும் கேரள அப்காரி சட்டப்படி குற்றம். 2019 கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டில் ஒயின் போடுவோரைக் கூடக் கலால் துறை எச்சரித்தது. இரண்டு அறை வாடகைக்கு விடுகிற வீட்டில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பெக் ஊற்றினாலும் வழக்குத்தான்.

அம்மாளுக்குச் சட்டம் இரண்டாவது காரணம். சென்ற டிசம்பரில் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழு மூன்று நாளைக்கு இரண்டு அறைகளையும் பதிவு செய்திருந்தது. வந்து இறங்கியதும் பெட்டியிலிருந்து புட்டிகளை எடுத்து மேசையில் வைத்து, அம்மாளின் பாகையும் ஐஸையும் கேட்டார்கள். "ஒங்க சரக்கு, ஒங்க பாடு. ஆனா என் வீட்டுக்குள்ள வேண்டாம் தம்பி" என்று சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல சீசனில் மூன்று நாள் வாடகை போனது. போதாதற்கு, போனவர்கள் வீட்டைப் பற்றி நாலு இடத்தில் மட்டமாக எழுதியும் விட்டார்கள். ஜனவரி முழுவதும் ஓர் அறை காலி. நகைக் கடனுக்கு வட்டி மட்டுமே கட்ட முடிந்தது.

"கிளாஸும் ஐஸும் குடுத்துட்டுக் கண்டுக்காம இருந்தா என்னம்மா?" என்று திருப்பூரிலிருந்து மகன் போனில் கோபித்துக் கொண்டார். அம்மாள் பதில் சொல்லவில்லை. மருமகள்தான் பேச்சை மாற்றி, பாகைப் புட்டியில் அடைத்து விற்கலாமே என்று யோசனை சொன்னாராம்.

அந்த வேலை இப்போது நடக்கிறது. வீட்டில் செய்து விற்பதானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து கொள்ள வேண்டும். விண்ணப்பம் பூர்த்தி செய்ய அக்கம்பக்கத்துப் பையன் ஒருவர் உதவுகிறார். புட்டிகள் கோயமுத்தூரிலிருந்து வந்துவிட்டன. ஒட்டப் போகும் சீட்டில்தான் தகராறு. 'காக்டெயில் மிக்ஸ்' என்று போட்டால் ஓட்டல்காரர்கள் பெட்டி பெட்டியாக வாங்குவார்கள் என்கிறார் மகன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 'மலைப் பானகம்' என்று போட வேண்டும் என்கிறார் அம்மாள். சீட்டு அச்சுக்குப் போகவில்லை. புட்டிகள் சமையலறைப் பரணில் பெயரில்லாமல் அடுக்கப்பட்டிருக்கின்றன.